மேலுதட்டுத் தழும்பு

தலவாக்கலை மலர்ச்சாலையின் பின்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். முந்தாநாள் மாரடைப்பில் செத்துப்போன கிளைவ் செபமாலை; ஐம்பத்தெட்டு வயது, டிவி நடிகர், இயக்குநர். பதினொரு வருடமாக அவருக்கு மேக்கப் போட்ட மகள் டெல்சி. அவருடைய அண்ணன் அந்தோனிமுத்து. உடலைப் பதப்படுத்திய விஜேபால.

டெல்சி பஞ்சை எண்ணெயில் நனைத்து அப்பாவின் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஜேபால அங்கே ஒரு மீசை வரைந்து வைத்திருந்தான். மோசமான மீசை. ஒரே கறுப்பு, இரண்டு பக்கமும் இரண்டு அளவு.

"டிராமாவுல ஸார் அப்படித்தானே மிஸ் இருந்தாரு," என்றான் அவன். நான்கு மணிக்குச் சவப்பெட்டியை அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்ற வேண்டும். வேனைப் பின்பக்கம் கொண்டுவரச் சொல்லி அவனை அனுப்பினாள்.

அந்த டிராமாவில் கிளைவ் பெரிய கங்காணி. இரண்டு வருடம் ஓடியது. மலையகம் முழுக்க அந்த மீசையைத்தான் தெரியும். ஆனால் அவர் தபால்காரராகவும் வந்தார், பாதிரியாராகவும், பங்களாத் துரையாகவும். சிங்கள நாடகத்தில் சார்ஜன்டாக வந்தபோது பாணந்துறைச் சிங்களவர் என்றே நம்பினார்கள். சொந்தமாக இயக்கிய தொடரில், நடிகர்கள் வராத ஒரு நாள், மூன்று வேடத்தையும் அவரே கட்டினார். அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். பார்த்தவர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது பாதி அவர் வேலை, பாதி டெல்சியின் வேலை. அவளுக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை.

பென்சில் கறுப்பு போனதும் தழும்பு தெரிந்தது. இடது மூக்குத் துவாரத்திலிருந்து உதட்டு ஓரம் வரை, வெள்ளையாக, ஓர் அங்குலம்.

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மீசைய வச்சிரு டெல்சிம்மா. சனம் அதத்தான் தேடும்."

"டிவியில பாத்தாங்கதானே பெரியப்பா. இன்னைக்கு அப்பாவப் பாக்கட்டும்."

"ஒன் பொட்டியில ஒட்டுமீச இருக்குமே."

"இருக்கு. ஒட்ட மாட்டேன்."

அவர் விடவில்லை. வீட்டில் அவள் அம்மா ஜீவராணிகூட அதைத்தான் விரும்புவாள் என்றார். டெல்சிக்கு அம்மாவைத் தெரியும். அம்மா அப்படிச் சொல்லமாட்டாள். தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, மேல் டிவிசன் பிள்ளைகள் என்று அவர் ஒவ்வொருவராக இழுத்தார். டெல்சி கேட்டுக்கொண்டே தாடையில் நிறம் பூசினாள். பிணத்தின் தோல் வேறு மாதிரி. சூடு இல்லை, பூசியது இளகாது, பஞ்சால் தட்டித்தான் பதிய வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை பழகிவிட்டது.

அப்பாவின் முகத்தில் அறுபது எழுபது பேரை வரைந்திருக்கிறாள். அவர் முகத்தை அவர் முகமாகவே விட்டுவைப்பது இதுதான் முதல் தடவை. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"அப்பா வீட்டுல இருந்த மாதிரியே தோட்டத்துக்கு வரட்டும்," என்றாள். "கொழும்புல நாங்க தெனமும் இந்த முகத்தத்தான் பாத்தோம். நீங்கதான் பாத்ததில்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. மீசை இல்லாத வேடம் என்றால் அப்பா முதலில் மேலுதட்டைத்தான் காட்டுவார். "மெழுகு வச்சு நல்லா அடச்சிரு, அண்ணன் பாக்கும்," என்பார். பெரியப்பா நாடகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். தோட்டத்துக்குப் போகும் நாளில் மட்டும் அப்பா ஒட்டுமீசை கேட்பார். அது ரசிகர்களுக்கு என்று நினைத்திருந்தாள்.

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"இது எப்புடி வந்துச்சு பெரியப்பா?"

"அவன் என்ன சொன்னான்?"

"சின்னதுல பீலியில தண்ணி புடிக்கிறப்ப வழுக்கி விழுந்தாராம்."

"விழல."

வெளியே வேன் பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்றது.

பிறகு பெரியப்பா சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு வயது, தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். கிளைவுக்குப் பதின்மூன்று. அரை நாள் கூலி மட்டும் என்று அரைப்பேர் போட்ட மேற்பார்வைக் கண்டாக்கிடம் அவர் கெஞ்சிக்கொண்டு நின்றதைத் தம்பி பார்த்திருக்கிறான். மறுநாள் மலையில் எல்லார் முன்னாலும் அதை நடித்துக் காட்டினான்.

"கையக் கட்டி, முதுகக் கூனி, நான் மூக்க உறிஞ்சுனதுகூட. அப்புடியே நான். மல முழுக்கச் சிரிச்சிச்சு. அவன் மொத மொத நடிச்சது என்னயத்தான் தாயி."

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் தம்பி தனியாக இருந்தான். அவர் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது.

"வீசத்தான் செஞ்சேன். படும்னு நெனக்கல. ரத்தத்தப் பொத்திக்கிட்டு அவனே வழுக்கி விழுந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொன்னான். அதுக்கப்புறம் நான் அதப் பத்திக் கேக்கல, அவனும் பேசல."

டெல்சி மேக்கப் பெட்டியைத் திறந்து மெழுகை எடுத்தாள். கடினமாக இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிச் சூடேற்றினாள்.

"மூடிர்றேன் பெரியப்பா. பக்கத்துல உக்காந்து பாத்தாலும் தெரியாது."

அவர் ஜன்னலை விட்டு வந்தார். அறைக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் மேசை அருகே நின்றார். தம்பியின் முகத்தை நெற்றியிலிருந்து பார்க்கத் தொடங்கி, மூக்குக்குக் கீழே வந்து நின்றார்.

"வேணாம்."

"ராத்திரி முழுக்க நீங்கதான் பக்கத்துல இருக்கணும்."

"இருக்கேன்."

அவள் உருட்டிய மெழுகைத் துணியில் துடைத்தாள்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லு தாயி," என்றார்.

டெல்சி மேக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். முடிந்ததா, ஏற்றலாமா என்று விஜேபால சிங்களத்தில் கேட்டான். இன்னும் இல்லை என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.