பத்து ரூபாய் நோட்டின் எண்

“மெதுவாப் படி நஜ்மா. இன்னா அவசரம்?”

“நாப்பத்தி ரெண்டு எல்... ஏழு... மூணு... ஆறு... போதுமா மெதுவு?”

“இன்னும் மூணு நம்பர் கீது இல்ல? அது முடியற வரிக்கும் உன் கொரலு கேக்கும்.”

எட்டு வருடங்களுக்கு முன், கணவன் உமர் பாரூக் துபாய் போன இரண்டாவது மாதம் போனில் பேசிக்கொண்டது. பழவேற்காட்டு வீட்டில் நஜ்மா ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அதன் எண்ணைப் படிப்பாள். அவன் அதை எழுதி, அங்கே ஒரு ஆளிடம் பணத்தோடு கொடுப்பான். மூன்றாம் நாள் அவள் பொன்னேரியில் சஹாபுதீன் பாயின் ஜவுளிக்கடையில் அதே நோட்டை நீட்ட வேண்டும். எண் ஒத்துப்போனால் பணம் கைக்கு வரும். நோட்டு பாயிடம் தங்கிவிடும். கையெழுத்தோ ரசீதோ கிடையாது. ஊரில் அதற்கு உண்டியல் என்று பெயர். அவன் வேலை பார்த்த கம்பெனி மூடி, விசா பேப்பர் இல்லாமல் வேறிடத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு அவனுக்கு அதை விட்டால் வழியில்லை. போனில் மாதம் ஒரு எண், அதன் பின் கொஞ்சம் சிரிப்பு, ‘இன்னும் ஒரு வருஷம்’ என்ற வார்த்தை. அவள் கேட்க நினைத்தது ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தைக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

மும்பையில் கடல் வழியாக வந்தவர்கள் அத்தனை பேரைச் சுட்டுக்கொன்ற மறுவாரம், அடையாள அட்டை இல்லாத யாரும் படகேறக் கூடாது என்றார்கள். விடிகாலையில் படகுத்துறையில் நாஷ்டா விற்பவள் நஜ்மா. கடலுக்குப் போகாத ஆட்கள் ஆப்பம் வாங்கவில்லை. நண்டு எடுக்க வரும் சென்னை வண்டி வரவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மூன்று நாள் மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. நான்காம் நாள் பொன்னேரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி வீரராகவன் அவளை உட்காரச் சொன்னார். மேசையில் சஹாபுதீன் பாய் கடையில் கைப்பற்றிய, ரப்பர் பேண்டு போட்ட பத்து ரூபாய் நோட்டுக் கட்டு. மேலே இருந்த நோட்டின் மூலையில் மகள் சிஃபா பேனாவால் வரைந்த பூ. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“எங்களுதுதான் சார். எம்பொண்ணு போட்ட பூவு. எங்க பேரப் பாத்துட்டுக் கூப்ட்டீங்களா?”

“நோட்டப் பாத்துட்டும்மா. எது யாருதுன்னு பாய் சொன்னாரு. இதே கட்டுல ஜோசப்புன்னு ஒருத்தர், அப்பாவுன்னு ஒருத்தர். அவங்க ஊட்டு ஆளுங்களும் வந்துட்டுப் போனாங்க.” அவர் கட்டை நகர்த்தி வைத்தார். “உங்க ஊட்டுக்காரர் குடுத்த காசு இங்க வரவே இல்ல, தெரியுமா? அது அங்கியே நின்னுடும். உங்களுக்குக் குடுத்தது, இங்க வேற எவனோ கட்டின காசு. அவன் அதுக்குப் பதிலா அங்க வாங்கிக்கிறான். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது.”

“பாய்க்குத் தெரியுமா?”

“அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதாம்மா இந்த வழி. புள்ளைங்க ஃபீஸும் இதுலதான் போவுது, துப்பாக்கி வாங்கறவன் காசும் இதுலதான் போவுது.”

எழும்போது அவள் ஒன்று கேட்டாள். பேப்பர் இல்லாதவர்கள் ஊர் திரும்ப என்ன வழி? தூதரகத்தில் போய் நின்றால் அனுப்பிவைப்பார்கள் என்றார் அவர். வெறுங்கையோடுதான் வர வேண்டியிருக்கும், திரும்பப் போகவும் முடியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக் கூடத்தில் அந்தப் பணத்தில் பதித்த டைல்ஸை நினைத்தாள். வெயிலில் நின்று அவன் சம்பாதித்ததுதான். ஆனால் அவள் கையில் வந்தது யாருடையது? அவன் கொடுத்த காசு அங்கே யார் கைக்குப் போய் என்னவாக ஆனது? ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை எந்த நாளும் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. துறையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர்களைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மாவுத் தூக்குகளோடு பொன்னேரி போய் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலை வாசலில் அடுப்பை வைத்தாள். காலை ஷிப்டு ஆட்கள் ஒன்பது மணிக்குள் தூக்குகளைக் காலி செய்தார்கள். “நாளிக்கும் வருவியாக்கா?” என்று ஒருவன் கேட்டான். “நாளிக்கு இன்னா, தெனமும்தான்” என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வீடு திரும்பியதும் போன் வந்தது.

“நஜ்மா, கும்முடிப்பூண்டில புது ஆளு கீறாரு. பாய் மாதிரி இல்ல, சேஃப்டி. நோட்டு எடுத்துக்கினியா?”

கையில் நோட்டு இருந்தது. சிஃபாவின் பரீட்சைக் கட்டணத்துக்குப் புதன்கிழமை கடைசி நாள். வாசலில், ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறால் கூடையோடு பக்கத்துத் தெரு கங்கம்மா நின்றாள்.

“இன்னாடி, புருஷனுக்கு நம்பர் படிக்கிற நேரமா? நீ படி, எனக்கும் காது குளுரட்டும்.”

“இன்னிக்கு நம்பர் கிடையாதுக்கா. பத்து ரூவாய்க்கு எறா குடு.” போனைக் கையால் பொத்தியபடி நோட்டை நீட்டினாள்.

“மெதுவாப் படி நஜ்மா,” என்றான் அவன், எட்டு வருடங்களுக்கு முன்பு சொன்ன அதே குரலில்.

கங்கம்மா நோட்டை ஈரக்கையால் வாங்கி, மடித்து, சுருக்குப் பைக்குள் திணித்து, கயிற்றை இழுத்தாள். இறாலைத் தட்டில் கொட்டிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினாள். அவள் தெருமுனை திரும்பும் வரை நஜ்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைன்ல கீறியா? படி.”

“இந்த வழில எனக்கு இனிமே காசு வேணாங்க. அடுப்பு வச்சிக்கீறேன், ஃபீஸ நான் கட்டிக்கிறேன். நீங்க வந்துடுங்க.”