குளிரைக் கவனிக்கவும்

மதீனா பீவி வீசிய வாளித் தண்ணீர் டாக்டர் ராஜலக்ஷ்மியின் மேல் பட்டதா இல்லையா என்பதில் தாராவி இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. பட்டது என்ற கட்சி, தோல் ஊறவைத்த அந்தத் தண்ணீரின் வாடைக்குப் பயந்து சயான் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல்கூட நிற்காமல் ஓடியது என்று சத்தியம் செய்தது. படவில்லை என்ற கட்சி, நாற்பத்தோரு வயதுப் பெண்மணி, கையில் ரத்தக் குப்பிகள் அடுக்கிய பெட்டியோடு, ஆறடிச் சாக்கடைக் கட்டரை ஒரே தாண்டில் தாண்டியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது. இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: குறி சுத்தமாக இருந்தது.

ராஜலக்ஷ்மி மாட்டுங்காக்காரி; பாலக்காட்டிலிருந்து வந்த குமாஸ்தாவின் மகள். உடம்பு நோயோடு எப்படி மல்லுக்கட்டுகிறது என்று குழந்தைகளின் ரத்தத்தில் தேடுவது அவள் உத்தியோகம். 1986இல் மழை ஓய்ந்ததும், தாராவியின் ஒரு சந்தில் ஒரே நாளில் அறுபத்திரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தாள். ஆறு வாரம் கழித்து அந்த அறுபத்திரண்டு குதிகால்களிலும் குத்தி ரத்தம் எடுத்தாள். ஊசி பிடித்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பு ஊறியிருக்கும். அதை அளப்பதுதான் ஆராய்ச்சி.

வாளி பறந்தது ரத்தம் எடுத்த அந்த நாளில்.

“ஊசி போட வாறேன்னிய, சரின்னேன். இப்பம் ரெத்தம் உறிய வந்திருக்கிய! டாக்டரா நீங்க? அட்டையில்லா!” என்று தோல் பட்டறை உதுமானின் மனைவி மதீனா பீவி கத்தியது மாஹிம் கடல்வரை கேட்டிருக்கும். அவள் இடுப்பில் பத்து மாதக் குழந்தை ஆபிதா, குதிகாலில் பஞ்சோடு, அதைவிடச் சத்தமாக அலறியது.

“ஒரு சொட்டு ரத்தம்மா. அதுக்கு இந்தக் கூச்சலா?”

“ஒரு சொட்டா? ஒங்க கண்ணு இருக்க சைசுக்கு ஒரு குடம் கேக்கும்!”

அன்றிலிருந்து அந்தச் சந்தில் ராஜலக்ஷ்மிக்குப் பெயர் ‘அட்டை டாக்டர்’. ராஜலக்ஷ்மியும் சும்மா இருக்கவில்லை. தன் நோட்டில் மதீனா பீவியை ‘வாளி’ என்று குறித்துவைத்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆய்வுக்கூடத்தின் டைரக்டர் சந்திரமௌலி அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்கும் ராஜலக்ஷ்மிக்கும் பதினோரு வருஷப் பகை. ஒருவர் வாங்கிக் கொடுத்த காபியை மற்றவர் முகர்ந்து பார்த்த பிறகுதான் குடிப்பார்.

“அறுபத்திரண்டுக்குப் பத்து,” என்றார். “எங்க செம்பூர் பில்டிங் குழந்தைகள் முப்பதுலே இருபத்தொன்பது பாஸ். உங்க தாராவி வானரங்கள்லே அம்பத்திரண்டு ஃபெயில். உடம்புலே எதிர்க்கற சக்தியே கிடையாது. இதுகளுக்குப் போடற மருந்தைக் கட்டர்லே கொட்டலாம்.”

“மருந்துலே கோளாறு இருக்கலாம் சார்.”

“செம்பூருக்குப் போனதும் அதே மருந்து, அதே பெட்டி. கோளாறு குழந்தைகள்கிட்ட இருக்கணும், இல்லேன்னா உங்ககிட்ட இருக்கணும். எது சௌகரியம்னு நீங்களே சொல்லுங்கோ.”

அவர் ஏற்கெனவே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தாயிற்று. அதைவிடப் பெரிய வேலையும் செய்திருந்தார்: அந்தச் சந்துக்குத் தடுப்பூசி வீண், வேறு பேட்டைக்குக் கொடுக்கலாம் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் தயார். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

ராஜலக்ஷ்மி நாட்களை எண்ணினாள். பொங்கல் கழிந்தால் தட்டம்மை சந்து சந்தாகப் புகுந்து வரும். ஐம்பத்திரண்டு குழந்தைகள் அதன் முன் வெறும் உடம்போடு நிற்கும். கடிதம் போய்விட்டால் மறுபடி ஊசி கிடையாது. இதற்கு நடுவில், தன்னை அட்டை என்று திட்டியவளின் பிள்ளைக்காகத் தான் ஏன் இப்படிக் கொதிக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

ஐஸ் பெட்டியைச் சோதித்தாள். ஃப்ரிட்ஜைச் சோதித்தாள். தெர்மாமீட்டரையே இன்னொரு தெர்மாமீட்டரால் சோதித்தாள். எல்லாம் ஒழுங்கு. இந்த மருந்துக்குச் சூடுதான் எமன். ஐஸைவிட்டு வெளியே வந்தால் வெண்ணெய் மாதிரி வீணாகும். அதற்காகவே சுத்தத் தமிழில் ஒரு படிவம் எழுதி அச்சடித்து, ஊசி போடுகிறவருக்குக் கொடுத்திருந்தாள். அதில் அறுபத்திரண்டு பெயருக்கு எதிரிலும் டிக். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சந்தேகமே அந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுதியது அவளாயிற்றே!

வியாழக்கிழமை அடுத்த சந்தில் ஊசி முகாம். ராஜலக்ஷ்மி முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் சந்தில் ஊசி போட்டவரும் இங்கே போடுகிறவரும் ஷேக் பரீத். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கொசுவை அடிப்பதற்கு முன்கூட மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர். மேடம் பார்க்கிறாள் என்ற பயத்தில் அவருக்குக் காது மடல்வரை வியர்த்தது. ஐஸிலிருந்து குப்பியை எடுத்தார், மருந்தை உறிஞ்சினார், குத்தினார். எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி.

பட்டறைக்குப் போகிற வழியில் மதீனா பீவி நின்றாள். சண்டைக்கு ஏதாவது அகப்படுமா என்று பார்க்கத்தான் நின்றாள். அகப்பட்டது.

“ஏ பரீதண்ணே! என்ன இது, ஐஸத் தூக்கி அப்படியே புள்ள மேல குத்துதிய? எங்க புள்ளயளுக்கு வெந்நியில முக்கி எடுத்துல்லா குத்துனிய? அட்டை பக்கத்துல உக்காந்திருந்தா ஒங்களுக்கும் ஈவு இரக்கம் போயிருமோ?”

பரீத் சிரிஞ்சை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“எந்த வெந்நி?” என்றாள் ராஜலக்ஷ்மி.

“இந்தா, இதக் கேக்குதத பாரு! டீக்கடை கெட்டில் வெந்நிதான். மருந்துக் குப்பிய தம்ளருக்குள்ள போட்டு, குளுரு போனப் பொறவுதான் குத்துனாரு. ஈரம் உள்ள மனுசன். நீங்களா இருந்தா நெஞ்சுல சளி கட்டட்டும்னு விட்டிருப்பிய.”

ராஜலக்ஷ்மியின் முகம் வெளுத்த வெளுப்பில் எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

“பரீத், வெந்நீர்லேயா முக்கினீங்க?”

“நீங்க எழுதுனபடிதான் மேடம்,” என்று பரீத் படிவத்தை நீட்டினார். அவள் கைப்பட எழுதி அச்சான வரி: ‘ஊசி போடுமுன் மருந்தின் குளிரைக் கவனிக்கவும்.’ பக்கத்தில் கட்டம்: ‘குளிர் கவனிக்கப்பட்டதா?’

“கவனிச்சேன் மேடம். ஒரு குப்பி விடாம நல்லா கவனிச்சுட்டேன். முத குப்பிக்கு மட்டும் முடியல. அப்ப டீக்கடை ஸ்டவ்வு பத்தல. இருந்தாலும் நீங்க ஏசுவீங்களேன்னு டிக்கு போட்டுட்டேன். இந்தச் சந்துல டீக்கடையே இல்ல, அதான் இன்னிக்கும் முடியல. மன்னிச்சுக்கங்க.”

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. ராஜலக்ஷ்மி பதிவேட்டைப் புரட்டினாள். ரத்தத்தில் எதிர்ப்பு ஊறியிருந்த பத்துக் குழந்தைகளும் வரிசை எண் ஒன்றிலிருந்து பத்து வரை. பாவம், பரீதின் அன்பு எட்டாத பத்துப் பேர்.

போலீஸ்காரன் கைதியைக் கவனிக்கிற மாதிரி, அந்த மனிதர் குளிரைக் கவனித்திருந்தார். ‘குறையாமல் பார்க்கவும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் போதும். கவுரவமான தமிழுக்கு ஆசைப்பட்டு எழுதிய கை அவளுடையது.

வெள்ளிக்கிழமை காலை சந்திரமௌலியின் மேஜையில் படிவத்தை வைத்துச் சொன்னாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பியூன் ஓடிவந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

“ஆக, கோளாறு உங்ககிட்டேதான்! பேஷ். எழுதிக் கொடுங்கோ. ஃப்ரேம் போட்டு மாட்டறேன்.”

“எழுதித் தரேன். கடிதத்தை நிறுத்துங்கோ. அம்பத்திரண்டு பேருக்கும் மறுபடி ஊசி போட்டு அஞ்சு வாரத்துலே ரத்தம் கொண்டுவரேன்.”

“எதிர்ப்பு இல்லேன்னா?”

“கடிதம் போகட்டும். அதோட என் ராஜிநாமாவும் போகட்டும்.”

அவர் காலண்டரில் தேதியை வட்டமிட்ட வேகத்தில் பென்சில் முனை முறிந்தது.

மிச்சமிருந்தது வாளி. அவள் ஒத்துக்கொள்ளாமல் அந்தச் சந்தில் ஒரு கை நீளாது. சனிக்கிழமை ராஜலக்ஷ்மி பட்டறை வாசலில் போய் நின்றாள். தான் எழுதியது தப்பு, வெந்நீரில் மருந்து செத்துப்போயிற்று, மறுபடி போட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மதீனா பீவி கையிலிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

“ஆபிதாவுக்கு மூத்தவன் இந்த மணல்வாரி அம்மையிலதான் மவுத்தாப் போனான். இவளுக்கு ஊசி போட்டாச்சு, இனி பயமில்லன்னு ரெண்டு மாசமா நிம்மதியா கிடந்தேன். அம்புட்டும் பொய்யா?”

“பொய்தான். என் தப்பு.”

“இத எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது. சந்துல நின்னு சொல்லணும். மறுபடி புள்ளயளக் குத்தணும்னா, மொதல்ல ஒங்க கையில குத்தி ரெத்தம் எடுக்கணும். நாங்க பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. மொத்தத் தாராவியும் வந்து, இடம் போதாமல் பாதிப் பேர் பாந்த்ராவில் நின்றார்கள். ராஜலக்ஷ்மி ஸ்டூலில் ஏறிப் படிவத்தை உரக்கப் படித்து, “இதை எழுதின முட்டாள் நான்தான்” என்றாள். பிறகு புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். பரீத் அந்தக் கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குத்தினார். முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை. இரண்டாவதிலும் இல்லை.

“இன்னொருக்கா குத்துங்கண்ணே,” என்றாள் மதீனா பீவி, பெருநாள் பிரியாணிக்கு உட்கார்ந்தவள் மாதிரி. “ஒரு சொட்டு ரெத்தத்துக்கு இந்தப் பாடா டாக்டரம்மா?”

“நீங்க கத்தின அளவு நான் கத்தலை,” என்றாள் ராஜலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு.

நாலாவது குத்தில் ரத்தம் வந்தது. கூட்டம் கைதட்டியது. மதீனா பீவி ஆபிதாவின் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் ஆளாக வந்து நின்றாள். “குளுர அப்படியே வச்சுக் குத்துங்க. சளி கட்டுச்சுன்னா அட்டை வீட்டுக்கு மாட்டுங்காவுக்கே வந்து நிப்பேன்.”

வந்தாளும்கூட. ஆபிதாவுக்கு ஒரு தும்மல் வந்ததற்காக மாட்டுங்கா மார்க்கெட்டில் ராஜலக்ஷ்மியைக் கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே மடக்கி, கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

ஐந்து வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டில் நாற்பத்தொன்பது பாஸ். சந்திரமௌலி காகிதத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார், எண் மாறவில்லை. கடிதத்தைக் கிழித்தார். அடுத்த நிமிஷமே புதுக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, தன் பெயரை முதலிலும் அவள் பெயரை மூன்றாவதிலும் போட்டார். இரண்டாவது பெயர் அவருடைய மருமகனுடையது.

அந்தச் சண்டையைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு ராஜலக்ஷ்மி தாராவிக்கு ஓடினாள். பட்டறை வாசலில் மதீனா பீவி ஆபிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காலடியில் வாளி.

“உங்க பொண்ணுக்கு எதிர்ப்பு வந்தாச்சு.”

“எதிர்ப்பா?” மதீனா பீவி மகளை ஒரு தரம் அழுத்தி அணைத்தாள். “அது அவ வவுத்துக்குள்ள இருக்கப்பவே உண்டு. என் புள்ளல்லா! ஒங்க ஊசியாலதான் வந்துச்சுன்னு சந்துல சொல்லிட்டுத் திரியாதிய.”

ஆபிதா எட்டி ராஜலக்ஷ்மியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கட்டரில் போட்டாள்.

“பாத்தியளா, எதிர்ப்ப?” என்றாள் தாய் பெருமையாக.

“மூணு குழந்தைக்கு இன்னும் வரலை. செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன்,” என்றாள் ராஜலக்ஷ்மி, கண்ணாடி இல்லாத கண்ணை இடுக்கிக்கொண்டு.

“வாங்க, வாங்க,” என்றாள் மதீனா பீவி, வாளியைக் குழாய்க்கு அடியில் தள்ளிக்கொண்டே. “தண்ணி புடிச்சு வைக்கேன்.”