தெற்கே மரச்சட்டம்

1975ஆம் ஆண்டு சித்திரையில், உத்தனப்பள்ளி கோவிந்தப்பனுக்கு அரசாங்கம் ஒதுக்கிய மாற்று நிலம் ஓர் ஓவியத்துக்குள் இருந்தது. தொழிற்சாலை கட்ட அவனுடைய இரண்டு ஏக்கர் ராகிக் காட்டை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு நிலம் எழுதித்தர வேண்டிய குமாஸ்தா, வெயிலுக்குச் சோம்பி இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பெரிய சீனரி படம் எதிர்ச்சுவரில் இருந்தது. அதைப் பார்த்தே நான்கு எல்லைக்கும் செக்குபந்தி எழுதினார். வடக்கே பனிமலை, கிழக்கே ஏரி, மேற்கே ஊசியிலைக் காடு, தெற்கே மரச்சட்டம். முத்திரை விழுந்த பிறகு யார் மாற்றுவது? கோவிந்தப்பன் ஏரும் மாடுகளுமாக ஆபீஸ் பெஞ்சின் மேல் ஏறிப் படத்துக்குள் போனான். மாடுகள் கொஞ்சம் தயங்கின. "ஒரு ஒழவு ஓட்டிட்டு வந்துடறன், நீ வெதய எடுத்தாந்து வெய்யி" என்று மனைவி மாதம்மாளிடம் சொன்னான்.

அவள் விதைக்கூடையோடு வந்தபோது அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு எப்போதும் முதுகுதான். திங்கட்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து, "இந்தாய்யா, ஒருக்கா திரும்பிப் பாரு" என்று படத்தின் முன்னால் நின்று கூப்பிட்டாள். பனிக்காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. பாவம், ராகி முளைக்கிற மண்ணா அது? மூன்றாம் வருஷம் ஒரு மாடு செத்தது, ஐந்தாம் வருஷம் மற்றது. நல்ல மண்ணைத் தேடி அவன் மேலே மேலே ஏறினான். எண்பத்து மூன்றில் ஆமணக்குக் கொட்டையளவு இருந்தான், தொண்ணூறில் ராகியளவு. உத்தரவை ரத்து செய்யக் கேட்ட மனுக்களுக்கெல்லாம், நிலம் பெற்றவர் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றே பதில் வந்தது. அவனை வெளியே கொண்டுவரத்தானே மனு என்று அவள் அழுதது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

ஆயுத பூஜைக்கு ஆபீசில் பீரோ, டைப்ரைட்டர், சுவர்ப்படம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அந்தப் படத்துக்கு மட்டும் மாதம்மாள் விடவில்லை. "ஆளு உசுரோட இருக்கறப்ப படத்துக்குப் பொட்டு வெப்பாங்களா?" என்று ஆபீஸ் கூட்டும் சாந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் ஆபீஸ் அதை மதித்தது. அவர்களால் முடிந்த உதவி அது ஒன்றுதான்.

தொண்ணூற்று மூன்றில் ஆயுத பூஜையன்று, உச்சிக்குக் கீழே இருந்த புள்ளியைக் காணவில்லை. மாதம்மாள் காலையிலிருந்து மதியம்வரை தேடினாள். விரலால் தடவிப் பார்த்தாள், விரல் சில்லிட்டது. பிறகு சாந்தம்மாவின் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து, மலைமேல் தானே பொட்டு வைத்தாள். அடுத்த வாரமே நிலம் அவள் பேருக்கு மாறியது. புதிய குமாஸ்தாவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செக்குபந்தி பழையபடியேதான், வடக்கே மட்டும் 'பொட்டு வைத்த பனிமலை' என்று திருத்தினார். அடுத்த வருஷம் முதல் ஆயுத பூஜைக்கு ஆபீசில் ஒரு மாலை கூடுதலாக வாங்குகிறார்கள்.