வெட்டி எறிந்த காலர்

வெள்ளை ஞாயிறன்று எங்கள் சமோவாவில் பிள்ளைகள் வைத்ததுதான் சட்டம். புது வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சர்ச்சில் ஆளுக்கொரு வேத வசனம் சொல்வோம். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

அம்மா என் சட்டைக்குக் கழுத்தை மூடும் காலர் வைத்துத் தைத்திருந்தாள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதய அறுவை சிகிச்சை செய்த தழும்பு என் நெஞ்சில் நேராக இறங்குகிறது. அதைப் பார்த்துத்தான் என் வகுப்புப் பையன் பெனி எனக்கு 'ஜிப்பு' என்று பெயர் வைத்தான். நான் வேகமாக நடந்தாலே, "மெதுவாப் போ ஜிப்பு, பிஞ்சுரும்!" என்று கத்துவான். வகுப்பே சிரிக்கும்.

"மூடியிருந்தா யாரும் கேலி பண்ண மாட்டாங்கடி, லுஸியா."

"மூடி மறைக்க நான் என்னம்மா திருடிட்டா வந்தேன்?"

கத்திரிக்கோலை எடுத்தேன். காலரோடு அதற்குக் கீழே நாலு விரல் துணியும் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சர்ச்சில் என் வசனத்தைப் பிசகாமல் சொன்னேன். ஆனால் உட்காரவில்லை. பாதிரியார் செருமினார். செருமட்டும், இன்றைக்குப் பேச்சு எங்களுடையது.

"பெனி, நல்லாப் பாத்துக்க. இங்க திறந்துதான் டாக்டர் என் இதயத்தைச் சரி பண்ணாரு. உன்னோடதைச் சரி பண்ண எங்க திறக்கணும்? நீயே சொல்லு."

அடுத்து வசனம் சொல்ல வேண்டியவன் பெனிதான். எழுந்தான், வாயைத் திறந்தான். ஒரு சொல்கூட வரவில்லை.

"மெதுவாச் சொல்லு பெனி," என்றேன். "பிஞ்சுராது."