பதினான்கில் தொடங்கிய கேமரா

படம் கழுவிப் பிழைக்கிறவனே இனிமேல் ஃபிலிம் வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். வீரய்யாவுக்குச் சந்தேகம் வருவதற்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. தேங்காய் வாங்கினால் மூன்று தரம் தட்டிப் பார்ப்பவன் அவன்; பஸ்ஸில் மிச்சக் காசை வாங்கினால் இறங்கும் வரைக்கும் கையை விரிக்க மாட்டான்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அதோடு கல்யாணம், சடங்கு, சாவு என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எது நடந்தாலும் படம் பிடிப்பவனும் அவன்தான். பழைய யாஷிகா ஃபிலிம் கேமரா ஒன்று வைத்திருந்தான். எடுத்த ஃபிலிமை ஹட்டனில் துரைராசாவின் ஸ்டூடியோவில் கொடுப்பான். துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு வந்து நெடுங்காலம். வாங்கும் ஒவ்வொரு படக் கட்டையும் வீரய்யா அவர் முன்னாலேயே பிரித்து, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு இறங்குவான். ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகுதான் தலைவர் கந்தப்பனின் மூத்த மகள் கல்யாணம் நடந்தது. கந்தப்பன் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், அவர் வீட்டுக் கல்யாணம் என்றால் தோட்டத்துக் கல்யாணம். வீரய்யா காலையிலிருந்து நின்று எடுத்தான். தாலி கட்டும்போது நாற்காலி மேல் ஏறி எடுத்தான். ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், துரைராசா கண்ணாடி போல வெறுமையாக இருந்த ஒரு சுருளைத் தூக்கிக் காட்டினார்.

"ஃபிலிம் சுத்துப்படேல்லை வீரய்யா. உள்ளுக்கை உருளையில கொளுவாமல் மூடியிருக்கிறீர். பாரும், ஓரத்தில நம்பர் விழுந்திருக்கு. கழுவினதில பிழையெண்டால் இதுவும் வந்திருக்காது."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காக வீரய்யா நம்பிவிடவும் இல்லை. மருந்தில் போட்டுக் கெடுத்துவிட்டு நம்பரைக் காட்டுகிறார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். தோட்டத்தில் அவனைப் பற்றி வேறு கதை போனது. குடித்திருந்தான் என்றார்கள். கேமராவில் ஃபிலிமே போடவில்லை என்றார்கள். கந்தப்பனோ காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீரய்யாவை யாரும் ஒரு சாவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

சின்ன மகள் சுதர்ஷினி பெரியவளானபோது கந்தப்பன் ஆள் அனுப்பினார். இன்னொரு தடவை பார்க்கிறேன், இந்தத் தடவையும் போனால் இந்தத் தோட்டத்தில் நீ கேமராவைத் தூக்கக் கூடாது என்பது அவர் சொல்லியனுப்பிய பேச்சு. நியாயமான பேச்சு என்றே வீரய்யாவுக்கும் பட்டது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கிற கேமரா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தான். அது இருந்தால் கழுவுகிறவன் கையை எதிர்பார்க்க வேண்டாம். மனைவியின் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனான். அங்கேயும் அதை விற்றுக்கொண்டிருந்தது துரைராசாதான். இனிமேல் ஃபிலிமே வேண்டாம் என்றார்.

கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளிநிறம், பெரியது, நெற்றியில் பன்னிரண்டு மெகாபிக்சல் என்று பொட்டு ஒட்டியிருந்தது. மற்றது சோப்புக் கட்டி அளவு. அதில் நான்கு என்றுதான் போட்டிருந்தது. துரைராசா சின்னதைத்தான் எடுத்து மேசையில் வைத்தார். நம்பரைப் பார்க்காதேயும், லென்ஸைப் பாரும் என்றார். பெரிய நம்பரை விட்டுவிட்டுச் சின்ன நம்பரை ஒருவன் தள்ளிவிடப் பார்த்தால் அது விலைபோகாத சரக்கு என்று அர்த்தம். அப்படியென்றால் பெரியதை வாங்க வேண்டும். ஆனால் தான் இப்படி யோசிப்பேன் என்று தெரிந்தே சின்னதைக் காட்டி, பெரியதை வாங்க வைக்கிறாரோ என்றும் இருந்தது. வீரய்யா இரண்டையும் வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றான். துரைராசா கடைப் படியில் வந்து நின்றார்; அவரும் ஆளை நம்பவில்லை.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற பஸ்ஸின் பலகையை இரண்டிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். சின்னதில் கொட்டகலை என்று வாசிக்க முடிந்தது. பெரியதில் பலகை கஞ்சியில் விழுந்த மாதிரி கரைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் சின்னதுக்குச் சம்மதித்தான்.

துரைராசா பரீட்சைக்குப் போட்டிருந்த மெல்லிய மெமரி கார்டை உருவி மேசை லாச்சிக்குள் போட்டார். இது கடைக் கார்டு, நீர் ஒன்று புதிதாக எடுக்க வேண்டும் என்றார். வீரய்யா காத்திருந்தது இதற்குத்தான். எங்கேயாவது ஒரு இடத்தில் கொக்கி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"கார்டு இல்லாட்டி படம் எடுக்காதுங்களா மொதலாளி?"

"எடுக்கும். உள்ளுக்கையும் கொஞ்சம் இடம் இருக்கு. ஆனா கனக்க எடுக்கேலாது."

எடுக்கும் என்பது காதில் விழுந்தது. மிச்சம் வியாபாரம். முன்பு யாஷிகாவுக்கு உறை, கழுத்து வார், லென்ஸ் துடைக்கும் துணி என்று இதே மனிதர் தலையில் கட்டப் பார்த்ததை அவன் மறக்கவில்லை. கேமரா விஷயத்தில் அவர் சொன்னதையே வாங்கியாகிவிட்டது. இரண்டிலும் தோற்கக் கூடாது என்று கார்டு வேண்டாம் என்றான். துரைராசா தோளைக் குலுக்கிவிட்டு, பிடிக்காத படத்தை அழிப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். குப்பைத் தொட்டி போட்ட பொத்தானை அமுக்கினால் படம் போய்விடுகிறது. நெகட்டிவ் எங்கே போகிறது என்று வீரய்யா கேட்டான். ஒன்றும் இல்லை, ஒரேயடியாகப் போய்விடும் என்றார். வீரய்யா அந்தப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துக் கேமராவைத் திறந்தபோது திரையின் மூலையில் பதினான்கு என்றிருந்தது. வீரய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாஷிகாவில் ஃபிலிம் போட்டால் எண் ஒன்றில் தொடங்கி ஏறும். எத்தனை எடுத்தோம் என்று சொல்வதுதான் அந்த எண்ணின் வேலை. இதில் பதினான்கு என்றால் இதற்கு முன் யாரோ பதினான்கு எடுத்திருக்கிறான். பழைய கேமராவைப் பெட்டியில் போட்டுப் புதிது என்று விற்றிருக்கிறார். கடையில் வைத்து எடுத்த ஒன்றிரண்டை அவன் கணக்கில் கழித்தும் பார்த்தான், உதவவில்லை. சடங்கு முடியட்டும், போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்று மனைவி மீனம்மாவிடம் சொன்னான். அதுவரைக்கும் ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. வீணாக்க அவனுக்கு மனமில்லை.

சடங்கன்று கந்தப்பன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வாழைமரம் கட்டி, முற்றத்தில் தகரக் கூரை போட்டிருந்தார்கள். முதல் ஆளாக வந்து இறங்கியது யாரும் எதிர்பார்க்காத ஒருத்தி. கந்தப்பனின் அக்கா ராசம்மா, உடப்புசல்லாவையில் வாக்கப்பட்டவள். மூத்தவள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து வைக்காமல் பஸ்ஸில் போன எவனிடமோ கொடுத்தனுப்பியதற்காகத் தம்பி வாசலை மிதிக்காமல் இருந்தவள். இந்தத் தடவை கந்தப்பனே போய் அழைத்திருந்தார். போய் அழைத்த பிறகும் வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. அவள் பட்டுச் சேலையும் தட்டு வரிசையுமாக வந்து, யாரோடும் பேசாமல் நேரே போய், அத்தை முறைக்கு முதல் நலுங்கு வைத்தாள்.

வீரய்யா எடுத்தான். எடுத்த உடனே படம் திரையில் வந்து நின்றதைப் பார்த்துக் கூட்டம் அவன் மேல் விழுந்தது. ராசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். அவளுடைய கை சுதர்ஷினியின் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சேலைக் கரை நல்லா விழுந்திருக்கு என்றாள். வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

அதற்குப் பிறகு தாய்மாமன் மாலை போட்டது, கந்தப்பனும் அவர் மனைவியும் நின்றது, ஹட்டனிலிருந்து வேனில் வந்த சங்கத்துப் பெரிய மனிதர் சுதர்ஷினி தலையில் கைவைத்தது என்று போய்க்கொண்டிருந்தது. பெரிய மனிதர் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிப் போனார். நடுவில் வீரய்யா எண்ணைப் பார்த்தான். ஆறு. எண் இறங்கியிருக்கிறது. பழைய கேமரா, எண்ணும் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இன்னும் சில அமுக்கலில் அது பூஜ்யமாகி, திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்து நின்றது. பொத்தான் இறங்க மறுத்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த எண் எடுத்ததைச் சொல்லவில்லை, மிச்சமிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் அவனை ஏமாற்றவில்லை. துரைராசா ஏமாற்றியிருந்தால்கூட இத்தனை சங்கடமாக இருந்திருக்காது.

ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். சேலை கொடுக்கிறவர்கள், பாத்திரம் கொடுக்கிறவர்கள், எல்லோருக்கும் பெண்ணோடு ஒரு படம் வேண்டும். வீரய்யா குசினி அடுப்புப் பக்கம் ஒதுங்கிப் போய் எது கெட்ட படம் என்று தேடினான். முகம் மறைந்த படம் ஒன்றுதான் இருந்தது. குப்பைத் தொட்டியை அமுக்கினான். இடம் வந்தது. பெட்டிக்கடைக்காரர் குடும்பத்தை எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் ராசம்மா தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என் படத்தைக் காட்டுப்பா என்றாள். வீரய்யா திரையை முன்னும் பின்னும் தள்ளினான். எல்லோரும் வந்து போனார்கள். அவள் வரவில்லை.

ராசம்மா சத்தம் போடவில்லை. கந்தப்பன் நின்ற இடத்துக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"கந்தா, நான் வரவேணாம்னு இருந்தா உடப்புசல்லாவைக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமே. கூப்புட்டு வச்சு, மொத நலுங்கு வைக்கவிட்டு, அப்புறம் ஆள வச்சு என்னைய அழிக்கச் சொல்லணுமா?"

கந்தப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. வீரய்யாவைப் பார்த்தார். மெசின் கோளாறு என்று சொல்லித் தொலையேன்டா என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. சொல்லலாம். சொன்னால் அக்காவும் தம்பியும் தப்பலாம். ஆனால் கந்தப்பன் வீட்டில் இரண்டாவது முறையும் படம் போனது என்று ஊர் பேசும். அழித்தேன் என்று மட்டும் சொன்னால் தலைவர் சொல்லித்தான் அழித்தான் என்று அவள் உறுதியாக நம்புவாள். வீரய்யா எல்லாவற்றையும் சொன்னான். கார்டு என்று ஒன்று இருப்பதை, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்து அதை வாங்காமல் விட்டதை, இடம் முடிந்ததை, பெண்ணின் முகம் மறைந்த படம் அது என்பதை.

ராசம்மா ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. இவ்வளவு சின்ன வயிற்றோடு ஒரு மெசின் வருமா என்று கேட்டாள். அவள் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்து அமுக்கிக் காட்டினான். திரையில் அந்த ஆங்கிலம் வந்தது. சுதர்ஷினி மணையிலிருந்து எட்டிப் பார்த்து வாசித்தாள். "மெமரி ஃபுல்லுன்னு போட்டிருக்கு அத்தை. எடமில்லையாம்."

"சரி," என்றாள் ராசம்மா. "அப்ப ஒன்னத் தள்ளு. எதத் தள்ளுறேன்னு நான் நின்னு பாக்குறேன்."

வீரய்யா ஒவ்வொன்றாகக் காட்டினான். படத்தில் வந்தவர்கள் எல்லாம் பின்னால் நின்றார்கள். தாய்மாமன் படம் வந்தபோது தாய்மாமன் இருமினார். பெட்டிக்கடைக்காரர் படம் வந்தபோது அவர் மனைவி ஐயோ என்றாள். சங்கத்துப் பெரிய மனிதர் தலையில் கைவைத்த படம் வந்தது. கந்தப்பன் பல்லெல்லாம் தெரியப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு அவர் ஹட்டனில் ஏற்கனவே கண்ணாடிச் சட்டம் சொல்லி வைத்திருக்கிறார் என்று தோட்டத்துக்கே தெரியும்.

ராசம்மா அதன் மேல் விரலை வைத்தாள். "இது."

தகரத்தில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. கந்தப்பன் மீசையைத் தடவினார். பிறகு கையை நீட்டினார்.

"குடுடா. நானே அழிக்கிறேன். நீ அழிச்சா எதையாவது அழிச்சிட்டு இதுதான்னு சொல்லுவ."

வீரய்யா பொத்தானைக் காட்டினான். குப்பைத் தொட்டி, அப்புறம் நடுவில் இருப்பது, வேறு எதையும் தொடாதீங்க தலைவரே என்றான். கந்தப்பனின் கட்டைவிரல் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துத் தடித்த விரல். அது குப்பைத் தொட்டியை அமுக்கியது, வழியில் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியது, பிறகு நடுவில் அழுத்தி நின்றது. ஒரு கோடு திரையில் மெதுவாக நிரம்பியது. வீரய்யா பறிப்பதற்குள் திரை கறுப்பாகிவிட்டது.

சுதர்ஷினிதான் மறுபடியும் வாசித்தாள். "ஒரு படமும் இல்லையாம்ப்பா."

கந்தப்பன் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். வீரய்யாவைத் திட்ட வாய் திறந்து, தன் விரலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீரய்யா கேமராவை வாங்கித் தானும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். இரண்டாவது தடவையும் போய்விட்டது.

அப்போது ராசம்மா சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எல்லாரும் போயாச்சா? பெரிய மனுசனுமா? மாமனுமா?" தம்பி மனைவி தலையாட்டினாள். "அப்ப சரி. என்னைய மட்டும்னாதான் எனக்குக் கோவம்."

அவளே போய் மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சளும் சந்தனமும் கொண்டுவரச் சொன்னாள். மறுபடி நலுங்கு வைக்கலாமா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். வச்சா பொண்ணு என்ன திரும்ப சின்னப் பிள்ளையாவா ஆயிடப் போகுது என்று ராசம்மா கேட்டாள். தம்பியைக் கூப்பிட்டாள். கந்தப்பன் கிணற்றடிக்குப் போகிற மாதிரி நகர்ந்தவர் நின்று, திரும்பி வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார். ஒரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் தோளில் வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

கை பொண்ணு மூஞ்சிய மறைக்காம வைங்க, கேமராவப் பாருங்க என்றான் வீரய்யா.

"பாக்காம? நீ மறுபடி எங்க அமுக்குறேன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அமுக்கினான். ராசம்மா உடனே எழுந்து வந்து, படம் இருக்கிறதா என்று பார்த்து, வீரய்யாவின் பக்கத்தில் ஒரு பலாக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசிப் படம் வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை. இடம் முடிந்தபோது முடிந்தது என்று அவளே அறிவித்தாள். மிச்சமிருந்தவர்கள் முனகிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.