மூன்று மணிக்குள் ஓர் அலறல்

மூன்று மணிக்குள் நான் செத்தாக வேண்டும்.

செத்தால் மட்டும் போதாது. நன்றாக அலறிச் சாக வேண்டும். அதுவும் தொட்டிலில் தூங்குகிறவன் விழித்துக்கொள்ளாமல்.

என் தொழில் குரல். செல்போனில் கேட்கும் தொடர் நாடகங்களுக்குப் பேசுகிறவள். முதல் குழந்தைக்கு முன்னால் ஸ்டூடியோவில் நின்றுகொண்டு பேசினேன். இரண்டாவதுக்குப் பின்னால் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். தொங்குகிற சட்டைகளும் போர்வைகளும் எதிரொலியைக் குடித்துவிடும். முழங்கால் மட்டும் மோவாயை இடிக்கும்.

புதுத் தொடரில் அக்கா, தங்கை என்று இரட்டை வேடம். அக்கா முதல் வாரமே கொலையாகிறாள். தங்கை கடைசி வாரம்வரை கொலைகாரனைத் தேடுகிறாள். அலறல் பிடித்துப்போனால் இரண்டு பேரும் எனக்கு. இல்லையென்றால் இரண்டு பேரும் வேறொருத்திக்கு. 'கூட்டத்தில் ஒரு குரல்', 'லிஃப்டில் ஒரு பெண்' என்று பேசியே நாக்கு துருப்பிடித்துக் கிடந்தவளுக்கு, இது விடக்கூடாத வாய்ப்பு.

காலையில் அனுப்பிய அலறலைக் கேட்டுவிட்டு டைரக்டர் போனில் வந்தார்.

"மேடம், கொலை நடக்கிற வீட்ல கைக்குழந்தை எங்கேருந்து வந்துச்சு?"

"கேட்டிருச்சா சார்?"

"உங்களைவிட அவன் நல்லாக் கத்தறான்." சிரித்தார். உடனே சிரிப்பை மடித்து வைத்தார். "மூணு மணிக்கு மிக்ஸிங். அலறணும். அலறி முடிச்சதும் ஒரு மூச்சு நேரம் சுத்தமான அமைதி வேணும். அந்த அமைதியிலதான் கொலைகாரன் கதவைச் சாத்திட்டுப் போறான். முடியாதுன்னா சொல்லிடுங்க, தப்பா நினைச்சுக்க மாட்டேன். கைக்குழந்தையோட கஷ்டம்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரிதாபம்தான் முள்ளாகத் தைத்தது.

"மூணு மணிக்குள்ள வரும் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி? கணவர் ஷிஃப்ட் முடிந்து மாலைதான் வருவார். காலையில் குழந்தையை எதிர்வீட்டுத் தையல்காரக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் அலறினேன். நாலு சுவர் தாண்டி வந்து பதிவானது அவன் அழுகை. தலையணையில் வாயைப் புதைத்து ஒன்று அலறிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த எருமை. மொட்டை மாடிக்குப் போனேன். காற்று மைக்கைத் தின்றது.

கணவரிடமிருந்து மெசேஜ்: 'தூங்கிட்டானா?'

'கத்திட்டியா?' என்று கேட்க ஆளில்லை.

யோசித்தால், எனக்கு முழுக்குரல் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. கதவை விரல் கொடுத்துச் சாத்துகிறேன். தும்மலை விழுங்குகிறேன். பெரியவளைத் திட்டுவதுகூட வாயசைப்பில்தான். தூங்குகிற பிள்ளையைச் சுற்றி நுனிக்காலில் நடந்து நடந்து, தொழிலையும் நுனிக்காலிலேயே செய்யப் பழகிவிட்டேன். நுனிக்காலில் நின்று யாரால் அலற முடியும்?

அப்போது ஹாலில் 'தொம்'.

பெரியவள். நாலு வயது. கேள்வி கேட்டே ஆளை ஒப்புக்கொள்ள வைப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். சோபாவிலிருந்து குதித்து முட்டியில் விழுந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

பெற்றவர்களுக்கு இது தெரியும். அடி பலமென்றால் அழுகை உடனே வராது. மூச்சை உள்ளே இழுத்துச் சரக்கேற்றிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளிக்குள் ஓடிப்போய் வாரி எடுத்து, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டேன். பிறகுதான் வெடித்தது. தோளுக்குள்ளேயே வெடித்து அடங்கியது. படுக்கையறையில் தொட்டில் அசையவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு மூச்சு நேரம். டைரக்டர் கேட்டதும் அதைத்தானே?

அவனை எழுப்பாமல் அலற முடியாது. சரி, எழுப்பிவிட்டே அலறினால்? திடுக்கிட்டு விழிப்பான். உதடு பிதுங்கும். மூச்சை இழுப்பான். அவன் இழுத்து முடிப்பதற்குள் கொலைகாரன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடலாம்.

தூங்குகிற பிள்ளையை வேண்டுமென்றே எழுப்புகிறவள் என்ன தாய் என்று மனசு விரல் நீட்டியது. வேலை செய்கிற தாய் என்று அந்த விரலை மடக்கினேன். அழுவான், தூக்கிக்கொள்வேன். அவன் அழுகைக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. கைவிட்டுப் போகிற ரோலுக்கு இல்லை.

இன்ஸ்பெக்டரை வாசல் கதவருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"அம்மா இப்போ பொய்யா சாகப் போறேன். கத்துவேன். நீ பயப்படக் கூடாது, பேசவும் கூடாது."

"யாரு கொல்றா?"

"முகமூடிக்காரன்."

"அவன் அம்மா அவனைத் திட்ட மாட்டாங்களா?"

"அப்புறமா திட்டுவாங்க."

"செத்ததும் தம்பிக்கு யாரு பால் குடுப்பா?"

"நான்தான்டி."

"அப்பச் சரி." வாயில் விரல் வைத்துக்கொண்டாள்.

அலமாரிக்குள் நுழைந்தேன். மைக்கை உயிர்ப்பித்தேன். கண்ணை மூடினேன். முகமூடிக்காரன் வந்தான். பின்னாலேயே, விழுங்கிய தும்மல்களும், வாயசைத்த திட்டுகளும், 'கைக்குழந்தையோட கஷ்டம்தான்' என்ற பரிதாபமும் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன.

அலறினேன்.

அடிவயிற்றிலிருந்து அலறினேன். ஹேங்கர்கள் நடுங்கின. முடிந்தது. இருட்டு. அமைதி. வரப்போகிறது, வரப்போகிறது... இன்னும் வரவில்லை... பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

வந்தது. கட்டடத்தின் அஸ்திவாரம்வரை போகிற அழுகை.

பாய்ந்து அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பாலைக் கொடுத்தேன். "மன்னிச்சுக்கடா ராஜா" என்று இடது காதில் சொல்லிக்கொண்டே வலது கட்டைவிரலால் பதிவை அனுப்பினேன். மணி மூன்றாகவில்லை.

வாசல் கதவு படபடவென்று இடிபட்டது. இன்ஸ்பெக்டர் திறந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரக்கா, கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு, மூச்சு வாங்க நின்றார்.

"என்னாச்சு? அம்மா எங்கே?"

"அம்மா செத்துட்டாங்க அத்தை. உள்ள தம்பிக்குப் பால் குடுக்கறாங்க."

அக்கா படுக்கையறை வாசல்வரை வந்து, என்னைப் பார்த்து, சுவரில் சாய்ந்தார். "அடிப்பாவி! ஒரு ஜாக்கெட்டோட கழுத்தை உன்னால கோணலா வெட்டிட்டேன். சாகறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாகக் கூடாதா?"

"அடுத்த தடவை சொல்றேன்க்கா."

"அடுத்த தடவை வேறயா?"

போன் அடித்தது. டைரக்டர்.

"மேடம், அலறல் பிரமாதம். எங்க ஆபரேட்டர் ஹெட்போனைக் கழட்டிட்டான். ஆனா கடைசியில, அந்த அமைதிக்குள்ள, யாரோ மூச்சை இழுக்கிற மாதிரி லேசா ஒண்ணு கேக்குதே?"

மடியில் இருந்தவன் குடித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அது... வெட்டிடலாம் சார்."

"வெட்டறதா? கொலைகாரன் பக்கத்துலயே நின்னு மூச்சு விடற மாதிரி இருக்கு. அப்படியே வைக்கிறேன். அக்காவும் நீங்கதான், தங்கச்சியும் நீங்கதான். ஆனா இனிமே ஸ்டூடியோவுக்கு வந்துடுங்க."

"வரலை சார். என் அலமாரியிலேருந்துதான் பேசுவேன். சொன்ன நேரத்துக்கு வரும். இன்னைக்கு வந்த மாதிரி."

மறுமுனையில் ஒரு மூச்சு நேரம் அமைதி. இந்த அமைதிக்கு நான் பயப்படவில்லை.

"சரி மேடம். அந்த மூச்சு யாரோடது?"

"அது வேற ஆர்ட்டிஸ்ட் சார். அவர்கிட்ட தனியாப் பேசிக்கோங்க."

போனை வைத்ததும் இன்ஸ்பெக்டர் விசாரணையைத் தொடங்கினாள். "நாளைக்கும் செத்துப்போவியா?"

"இல்லை. நாளையிலேருந்து தங்கச்சி. உயிரோட இருக்கணும்."

"அவ கத்துவாளா?"

"நிறைய."

தலையை ஆட்டினாள். வாசலுக்குப் போய், கோணலாக நகர்ந்திருந்த நாற்காலியை அடுத்த அலறலுக்காகப் பழைய இடத்தில் நேராக இழுத்துப் போட்டாள்.