தலையை மட்டும் மாற்று

இளவரசியை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அரண்மனை ஓவியர் அனுப்பிய படத்தில் பட்டும் நகையும் அச்சு அசலாக இருந்தன; முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர். அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் என்னத்தைச் செதுக்குவது? என் மகளை முக்காலியில் உட்காரவைத்து, தலையில் ஒரு தகரக் கிரீடத்தை மாட்டினேன். "அப்பா, மூக்கு அரிக்குது," என்று அவள் நெளிய நெளிய ஒருவழியாக முகத்தை முடித்தேன். அச்சான படத்தைப் பார்த்து ஊரே "அசல் இளவரசி" என்றது. வீட்டில் மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் காய்ச்சலில் மகள் போய்விட்டாள். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம்தான் எங்களுக்கு அவள்.

இப்போது இளவரசி எதிரி நாட்டுக்கு ஓடிவிட்டாளாம். அரண்மனை ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து அவள் படங்களைப் பிடுங்கி எரித்தார்கள். எங்கள் வீட்டுப் படத்தை நானே கழற்றிக் கொடுத்தேன். புது ராணிக்குப் பத்து நாளில் பட்டாபிஷேகம். புதிதாகத் தகடு செதுக்க நேரமில்லை. பழைய தகட்டோடு ஓர் அதிகாரி வந்து என் பட்டறையில் சட்டமாக உட்கார்ந்தார். முதல் வேலையாக அச்சு இயந்திரத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் மனைவி அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தாள்.

"உடம்பு, நகையெல்லாம் அப்படியே இருக்கட்டும். தலையை மட்டும் மாத்துய்யா," என்றார் பூட்டு.

மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "என்னங்க, நம்ம பொண்ணு முகத்தைச் சுரண்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் அச்சடிச்சுக்கலாம். அவர்கிட்ட கேளுங்க."

கேட்டேன். "அச்சடிச்சா உன் கை இருக்காது, என் வேலையும் இருக்காது," என்றார். மிரட்டலாகக்கூட இல்லை, அலுப்பாகச் சொன்னார்.

சுரண்டினேன். என் கையாலேயே. நெற்றி, கண், அரிக்கிறது என்ற அந்த மூக்கு. சுரண்டிய இடம் பள்ளமாகிவிடும். தகட்டைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டித்தான் மேடாக்க வேண்டும். தட்டத் தட்ட, சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

நகையைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. காதை எடுத்தால் கம்மல் அந்தரத்தில் தொங்கும். அதைச் சாக்காக வைத்துக் காதை விட்டுவிட்டேன்.

புது முகத்தைச் செதுக்கி முதல் படத்தை அச்செடுத்தபோது பூட்டு இயந்திரத்தைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மனைவியும் வந்து பார்த்தாள். அந்த முகத்தில் அவளுக்கு ஒன்றுமில்லை. பிறகு கம்மலைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். மடலின் மேல், எங்கள் மகளுக்குப் பிறந்தபோதே இருந்த சின்ன மடிப்பு. குனிந்து அந்தக் காதில் என்னமோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

பூட்டும் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, காது மடிஞ்சிருக்கு? ராணிக்கு அப்படி இல்ல. அதையும் எடுத்துடு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுரண்டியை எடுத்தேன். வேறென்ன செய்ய, எடுத்தேன்.